நாற்பத்தொன்றாம் நம்பர் டோக்கனும் என் கொழுந்தியாளின் கம்ப்யூட்டர் படிப்பும்

சுடலையம்மாள் என் மனைவியின் தங்கை. ராஜபாளையத்து நூற்பு மில் ஒன்றில் ரீலிங் பகுதியில் பதினெட்டு வருடம் நூல் சுற்றியவள். முப்பத்தேழு வயதில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, நான் இருபது வருடம் ஆண்ட டைம் ஆபீசில் வந்து உட்கார்ந்தவள். அவளைப் பற்றி எழுத ஊரில் நூறு பேர் கிடைப்பார்கள். ஆனால் அவள் கதையில் ஓரிடம் எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் கதை விளங்காது. பெயர் சங்கிலிப்பாண்டி. பிறந்தது மகாராஜபுரம். ஐந்தாம் வகுப்பு பாதியில் நின்றது. 1955-இல், பதினாலு வயதில், அந்த மில் வாசலுக்குப் பஞ்சுப் பொதி சுமக்க வந்தேன். பொதி சுமக்கிறவன் மில்லின் ஆள் அல்ல, காண்டிராக்டரின் ஆள். லாரியிலிருந்து கிட்டங்கி வரைக்கும் போகலாம். அதற்கு அந்தப் பக்கம் காலெடுத்து வைத்தால் வாட்ச்மேன் கம்பை நீட்டுவான். பதினாலு வருடம் அப்படி. என் வலது தோள் இன்னும் இடது தோளைவிட அரை அங்குலம் தாழ்ந்துதான் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து அளந்து பார்க்கலாம்.

1969 ஆடி மாதம் உள்ளே போனேன். அது மாமனார் இருளப்பசாமியின் தயவு, மறைக்கவில்லை. எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் பொறித்த ஒரு பித்தளை டோக்கன். வேலைக்கு வரும்போது மில் கேட்டில் தொங்கும் பலகையிலிருந்து அதை எடுத்துப் பெட்டியில் போட்டால் ஆள் வந்ததாகக் கணக்கு. தகப்பன் வேலையிலிருந்து நின்றால் அதே நம்பர் மகனுக்குப் போகும். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால், அந்த வீட்டு அடுப்பைப் பிடுங்கி எறிந்தது மாதிரிச் சண்டைக்கு வருவார்கள். மாமனாருக்குப் பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெட்டுப்போனது. அவருக்கு மகன் இல்லை, இரண்டு பெண்கள். மூத்தவள் சீனியம்மாளை நான் கட்டியிருந்தேன். ஆகவே அவருடைய நாற்பத்தொன்றாம் நம்பர் எனக்கு வந்தது. அவர் அந்த டோக்கனை என் கையில் வைத்தபோது, ஒன்பது வயது சுடலை வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைக்கு டோக்கன் போகிற வழக்கம் கிடையாது.

டோக்கன் மாமனார் தந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நான் சம்பாதித்தது. எட்டே வருடத்தில், ஆட்கள் வருகைக்குக் கணக்கு வைக்கிற டைம் ஆபீசுக்கு மேஸ்திரி ஆனேன். மில்லில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். நம்பரைச் சொன்னால் முகத்தைச் சொல்வேன், முகத்தைக் காட்டினால் தகப்பன் பெயரைச் சொல்வேன். பி.ஏ. படித்து வந்தவர்கள் என் எதிரில் நின்று சந்தேகம் கேட்டார்கள்.

என் வேலை முறையையும் சொல்ல வேண்டும். பெரிய ரெஜிஸ்டரில் ஒரு நம்பருக்கு ஒரு பக்கம். தகப்பன் போய் மகன் வந்தால் புதுப் பக்கம் போட மாட்டேன். பழைய பெயரின் மேல் ஒரு வெள்ளைச் சீட்டை ஒட்டி, மகன் பெயரை எழுதுவேன். சேர்ந்த தேதி மட்டும் தகப்பனுடையதாகவே நிற்கும். மகன் சேர்ந்த தேதியை நான் வைத்திருந்த சிவப்பு அட்டை நோட்டில் எழுதிக்கொள்வேன். நோட்டு என் டிராயரில் இருக்கும், டிராயர் சாவி என் அரைஞாணில் இருக்கும். ரெஜிஸ்டரை யார் எடுத்துப் பார்த்தாலும் கடைசியில் என்னிடம்தான் வந்தாக வேண்டும். லேபர் ஆபீசர்கள் நாலு பேர் மாறினார்கள். நாலு பேரும் என் டிராயருக்கு முன்னால் வந்து நின்றவர்கள்தாம்.

சுடலை 1979-இல் ரீலிங்கில் சேர்ந்தாள். நான்தான் சேர்த்துவிட்டேன். அவள் புருஷன் கருத்தையா பிளவக்கல் அணையில் மதகு திறந்து மூடுகிற வேலையில் இருந்தான். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருவான். ரீலிங் என்பது உருளையில் வரும் நூலைச் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிற வேலை. ஓடிக்கொண்டே இருக்கும் நாற்பது இழைகளில் ஒன்று அறுந்தாலும் உடனே கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டும். அதில் அவளுக்குக் கையும் கண்ணும் நல்ல வேகம். 1989-இல் தனியாகப் பரீட்சை எழுதிப் பத்தாம் வகுப்பும் தேறிவிட்டாள். அப்போதே நான் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

1996-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டிரஸ்ட்காரர்கள் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று தொடங்கினார்கள். பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்தார்கள். வேலைக்கு ஏற்ற படிப்பு, வயது வரம்பு இல்லை, சாயங்கால வகுப்பு, ஒரு வருடம், அதில் கடைசி மூன்று மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி.

ஒரு நாள் சோறு போடும்போது சீனியம்மாள் சொன்னாள்.

"சுடலை கம்ப்யூட்டர் டிகிரி படிக்கப் போறாளாம்."

"டிகிரின்னா மூணு வருசம் ஏட்டி. இது ஒரு வருசம். டிப்ளமோ."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதது என்ன இருக்கு. குழம்ப ஊத்து."

அந்த நோட்டீஸ் என் சட்டைப் பையிலும் மடித்து இருந்தது. அதை அவளிடம் காட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே சுடலை வந்து நின்றாள். ரீலிங்குக்கு நாலரை மணிக்குத்தான் சங்கு. வகுப்பு ஐந்து மணிக்கு.

"அத்தான், நாலு மணிக்கு விட்டியன்னா நான் அஞ்சு மணி கிளாசுக்குப் போயிருவேன்."

"ஒனக்குன்னு தனியா ஒரு சங்கு ஊதச் சொல்லவா?"

"சங்கு வேண்டாம். சோத்து நேரத்துல அரைமணி மிஷின் ஓட்டி ஈடு கட்டிருதேன்."

"அதுக்கு ரூல் இல்ல."

"எழுதின ரூல் இல்லியா, ஒங்க ரூல் இல்லியா அத்தான்?"

பின்னால் நின்ற நாலு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன். அவள் நேரே லேபர் ஆபீசர் சுப்புராஜிடம் போய்விட்டாள். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஆபீசில் கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு பேசுவார். அன்று அவருக்குக் கோபம் வரவில்லை. "படிக்கட்டும் மேஸ்திரி, மில்லுக்கும் நல்லதுதானே" என்று என் கையாலேயே கேட் பாஸ் எழுத வைத்தார். இருபது வருடத்தில் என்னைத் தாண்டி ஒரு பாஸ் போனது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து என் வீட்டில் வேறு பேச்சு இல்லாமல் போனது. முதல் மூன்று மாதம் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லையாம்; நாலு பேர் முன்னால் எப்படிப் பேசுவது, நேர்முகத்துக்குப் போனால் முகத்தைப் பார்த்து எப்படிப் பதில் சொல்வது என்றுதான் பாடமாம். பிறகு ஆறு கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு பேராம். செருப்பை வெளியே விட வேண்டுமாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருமாம். நூல் கோன் வரும் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் எழுத்துக் கட்டைகளை வரைந்து வைத்துக்கொண்டு, சுடலை வீட்டில் விரல் பழகினாள். சீனியம்மாள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வெறும் அட்டையிலேயே என்னமா ஓட்டுதா" என்றாள். நான் பதினாலு வருடம் பொதி சுமந்ததை ஒரு நாளாவது இவள் பார்த்து அப்படிச் சொன்னதுண்டா?

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். கோவிலுக்கும் போனேன், பொய் இல்லை. ஆண்டாளைச் சேவித்துவிட்டு அந்தக் கல்லூரிக்குப் போனேன். பலசரக்குக் கிட்டங்கி ஒன்றின் மாடி. ஏறும் படியெல்லாம் மல்லி வாசம், மிளகாய் நெடி. அங்கே பாஷ்யம் என்று ஒருவர் பொறுப்பில் இருந்தார். ஒல்லியான மனிதர், நெற்றியில் சின்னதாகத் திருமண்.

"ஒரு சொந்தக்காரருக்காக விசாரிக்க வந்தேன்" என்றேன்.

"பேஷா. என்ன வயசாறது அவருக்கு?"

"அம்பத்தாறு."

அவர் சிரிக்கவில்லை. அதை இப்போதும் ஒத்துக்கொள்கிறேன். "வயசு ஒரு தடையே இல்லை. எது வரைக்கும் படிச்சிருக்கார்?"

"அஞ்சாப்பு. ஆனா ஆயிரம் பேர வேலை வாங்குத ஆளு."

"கம்ப்யூட்டருக்குப் பத்தாவது வேணும்னு வச்சிருக்கோம். அவருக்கு ஆசை இருந்தா குழாய் வேலை இருக்கு, வயரிங் இருக்கு, ஆறு மாசம். நன்னா கத்துத் தருவா. கூட்டிண்டு வாங்கோ."

குழாய் வேலை. ஒரு மில்லின் டைம் ஆபீஸ் மேஸ்திரிக்குக் குழாய் வேலை. படி இறங்கி வந்து, பால்கோவா கால் கிலோ வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். சீனியம்மாள் பிரசாதம் எங்கே என்று கேட்டாள். பால்கோவாவை நீட்டினேன்.

1997-இல் எங்கள் மில்லுக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றை வைக்க இடம் தேடி, என் டைம் ஆபீசையே பாதியாக மறித்தார்கள். இருபது வருடமாக ஒரு மேஜை ஃபேன் கேட்டேன், கிடைக்கவில்லை. அந்தப் பெட்டிகள் வந்த மறுநாளே ஏசி வந்தது. நான் வேர்த்துக்கொண்டு இந்தப் பக்கம் இருப்பேன், அவை குளிரக் குளிர அந்தப் பக்கம் இருக்கும்.

ஆடி பிறந்ததும் சுடலை பயிற்சிக்கு அங்கேயே வந்துவிட்டாள். ரீலிங்கில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, என் அறையின் குளிர்ந்த பாதியில் உட்கார்ந்தாள். சுப்புராஜ் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"சுடலையம்மா, எல்லாருடைய சர்வீசையும் இதில் ஏற்றணும். ஆயுத பூஜைக்கு முப்பது வருஷம் முடிச்சவங்களுக்குக் கைக்கடிகாரம் கொடுக்கிறோம். அந்தப் பட்டியல் இதிலிருந்து வரணும். சரியா வந்தா உன் கல்லூரிப் பேப்பரில் கையெழுத்துப் போடறேன். இங்கேயே கிளார்க் வேலையும் உண்டு. தப்பா வந்தா கையெழுத்து இல்லை, ரீலிங்குக்குத் திரும்பிப் போ. மேஸ்திரி, நீங்க ரெஜிஸ்டரை வாசிங்க, அவ அடிக்கட்டும்."

அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அவளுக்குச் சான்றிதழ் கிடையாது. ஒரு வருடப் படிப்பும் பஸ் சார்ஜும் வீண். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் ஒழுங்காகத்தான் செய்வதாக இருந்தேன். நோட்டைக்கூட டிராயரிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன். வாசிக்கத் தொடங்கும் அன்று காலை, பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்க்கப் பாஷ்யம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அடடே, நீங்க இங்கதானா. உங்க சொந்தக்காரர் வரவே இல்லியே. குழாய் வேலைக்கு இன்னும் இடம் இருக்கு."

சுடலை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தச் சொந்தக்காரர் சார்?"

"அம்பத்தாறு வயசாம். மார்கழியில இவர் வந்து விசாரிச்சார்."

எங்கள் சொந்தத்தில் ஐம்பத்தாறு வயதில் ஓர் ஆள்தான் உண்டு. சுடலை என்னைப் பார்த்தாள். கேலி செய்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தீர்த்திருப்பேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, எழுத்துக் கட்டையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். என்மேல் இரக்கப்பட்டுவிட்டாள். ஒரு மனிதனுக்கு அதைவிட அவமானம் வேண்டாம்.

பாஷ்யம் போனதும் நோட்டை எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினேன். பிறகு ரெஜிஸ்டரை விரித்து வாசித்தேன். நம்பர், பெயர், சேர்ந்த தேதி. பக்கத்தில் என்ன இருந்ததோ அதை அப்படியே வாசித்தேன். சீட்டில் இருந்த மகன் பெயர், சீட்டுக்குக் கீழே இருந்த தகப்பன் தேதி. ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. இல்லாததையும் வாசி என்று யாரும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்று வந்தது. என் பக்கம். அதிலும் சீட்டு உண்டு, மேஸ்திரி ஆனதும் நானே ஒட்டியது. மேலே சங்கிலிப்பாண்டி, கீழே 1953 என்று மாமனாரின் தேதி. ஒரு நொடி நின்றேன். என்னுடையதை மட்டும் திருத்தி வாசித்தால் மற்றவையெல்லாம் வெளியே வந்துவிடும். அதோடு இன்னொன்றும் மனதில் ஓடியது. பதினாலு வருடம் பொதி சுமந்தேனே, அது எந்தக் கணக்கில் இருக்கிறது? 1953 என்று வாசித்தேன். சுடலையின் விரல் ஒரு கணம் நின்று, பிறகு அடித்தது. கை வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு நாள் வாசித்தோம். புரட்டாசியில் பட்டியல் அச்சாகி வந்தது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதம். ஆட்சேபணை இருந்தால் ஒரு வாரத்தில் சொல்லலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது வழக்கம். சுப்புராஜ் மதுரைக்குப் போயிருந்தார். சுடலையே கொண்டுபோய் ஒட்டினாள். புதுச் சேலை உடுத்தியிருந்தாள்.

முதல் ஷிப்ட் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்தார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பகுதி மாரிசாமிக்கு இருபத்து நாலு வயது. பட்டியலில் அவனுக்கு முப்பத்தொன்பது வருட சர்வீஸ்.

"ஏலே மாரிசாமி, நீ பெறக்குததுக்கு முன்னாலயே ஷிப்டுக்கு வந்துட்டியாலே?"

"எங்கம்மா வயித்துல இருக்கும்போதே டோக்கன் போட்டுருக்கேன் பாத்துக்கோ."

"அப்பம் ஒனக்கு ஒரு வாட்ச், ஒங்கம்மைக்கு ஒண்ணு."

"கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான்லே இருக்கும். அவிய டிகிரி படிச்சவிய."

சிரிப்பில் மில் கேட்டே குலுங்கியது. பத்தொன்பது பேர் வர வேண்டிய பட்டியலில் எழுபத்தெட்டுப் பேர். அதில் முதல் பெயர் என்னுடையது, நாற்பத்து நாலு வருடம். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சின்ன வயதிலேயே அந்த வாசலில் என்னைப் பார்த்தவர்கள்தானே. "அண்ணாச்சிக்கு மட்டும் சரியாப் போட்டிருக்கு" என்று ஒரு கிழவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கூட்டத்துக்கு நடுவில் சுடலை போர்டைப் பார்த்தபடி நின்றாள். சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதலாம். எழுதினால் பொய்.

மறுநாள் சுப்புராஜ் வந்து காகிதத்தைக் கிழித்து மேஜையில் போட்டார். "ஏமிடிதி?" என்றார், என்ன இது என்று. தெலுங்கு வந்துவிட்டால் கோபம் நிஜம். "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சரியான பட்டியல் வேணும். ஒரு பேர் தப்பா இருந்தாலும் நீ ரீலிங்குக்குப் போகலாம்."

அவர் போனதும், நோட்டைக் கேட்டு இவள் என்னிடம் வருவாள் என்று எதிர்பார்த்தேன். நாலு லேபர் ஆபீசர்கள் வந்து நின்ற இடம். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

அவள் வரவில்லை. ரெஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு, விரல் நுனியால் பெயர் இருக்கும் இடத்தைத் தடவிக்கொண்டே போனாள். ஓடுகிற நூலில் முடிச்சுத் தேடுகிற மாதிரி. சீட்டு ஒட்டின இடம் தட்டுப்பட்டதும் நின்று, நம்பரைக் குறித்துக்கொண்டாள். அறுபது நம்பர். அதை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய், பலகையடியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஷிப்ட் மாறும்போதெல்லாம் அந்த நம்பர்காரர்களை நிறுத்திக் கேட்டாள்.

"தம்பி, நீ சேந்த அன்னைக்கி குடுத்த ஆர்டர் வச்சிருக்கியா? எடுத்துட்டு வா."

"எக்கா, வாட்சப் பிடுங்கப் போறியா?"

"ஒங்க ஐயா வாட்ச ஒங்க ஐயாட்ட குடுத்துருதேன். நீ இன்னும் இருபத்தாறு வருசம் கழிச்சு வந்து வாங்கிக்கோ."

மாரிசாமியே சிரித்துக்கொண்டு ஆர்டரைக் கொண்டுவந்தான். கேலி செய்தவர்களெல்லாம் தகரப் பெட்டிக்குள்ளிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் காகிதத்தை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார்கள். மூன்று நாளில் ஐம்பத்தொன்பது தேதி. இருபது வருடமாக நான் பூட்டி வைத்திருந்த நோட்டு, மூன்று நாளில் கேட்டடியில் அவள் மடியில் தயாராகிவிட்டது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு எரிந்தது. வேறு சொல் தேடவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அத்தான், எல்லாம் முடிஞ்சிட்டு. ஒங்க தேதி மட்டுந்தான் பாக்கி."

"ரெஜிஸ்டர்ல இருக்குல்லா."

"அது எங்கய்யா சேந்த தேதி."

என் கை அரைஞாணில் இருந்த சாவிக்குப் போனது.

"நீங்க வாசிக்கும்போதே தெரியும்" என்றாள். "எங்கய்யா தேதி எனக்குத் தெரியாதா? பதினாலு வருசம் பொதி சுமந்ததுக்கு ஈடா அத்தான் இத எழுதிக்கிட்டாவ போலன்னு நெனச்சேன். போயிட்டுப் போகுதுன்னு அடிச்சேன். பொறவுதான், ஒங்க பக்கத்துல சீட்டு இருந்தா மத்தவிய பக்கத்துலயும் இருக்குமேன்னு தட்டிச்சு. இப்பம் அப்படி விட முடியாது. ஒரு பேர் தப்பாயிருந்தாலும் போச்சு."

"ஒனக்கே தெரியுமே, நான் எப்பம் சேந்தேன்னு."

"ஆடின்னு தெரியும். வருசமும் தேதியும் சரியாத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் உண்டு."

டைம் ஆபீஸ் கடிகாரம் என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. நான் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரை எப்போதோ கரையான் தின்றுவிட்டது. என் தேதி அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது. 1967 ஆடி என்று சொன்னால் மறுத்துச் சொல்ல ஆள் கிடையாது. முப்பது வருடம் சரியாக வரும், கடிகாரமும் வரும். மறந்துவிட்டது என்று சொன்னால், மத்தியானம் அவள் ரீலிங்கில் நிற்பாள். இரண்டையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. எனக்கு மறந்துவிட்டது என்று நான் சொல்லி இந்த மில்லில் யாரும் கேட்டதில்லை. அதை முதல்முதலாகச் சுடலை கேட்பதா? மாமனாரின் இரண்டு வருட சர்வீசைச் சேர்த்து வந்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அவர் மகள் முன்னால் கையை ஆட்டிப் பேசுவதா? சாவியை எடுக்கவில்லை. நோட்டைப் பார்க்கவும் இல்லை.

"எழுதிக்கோ. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுபத்தொம்பது. ஜூலை இருபத்தொண்ணு. திங்கக்கெழமை. காலம்பற ஷிப்ட்."

அவள் எழுதிக்கொண்டு போனாள். பன்னிரண்டு மணிக்கு முன்பே அந்த மெஷின் கரகரவென்று ஓடிப் பட்டியலைத் துப்பியது. இம்முறை பதினெட்டுப் பேர். முன்னால் பத்தொன்பது என்று இருந்தது என்னையும் சேர்த்து நான் போட்ட கணக்கு. சுப்புராஜ் ஒவ்வொரு பெயராகப் படித்துப் பார்த்துவிட்டுக் கல்லூரிப் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் சுடலைக்குக் கிடைத்த கடைசித் தேதி நான் கொடுத்தது. இதை எங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த வருட ஆயுத பூஜையில் பதினெட்டுப் பேர் கடிகாரம் கட்டினார்கள். நான் பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சுடலை கிளார்க் ஆனாள். சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கருத்தையா சுவரில் மாட்டினான். மதகு திறக்கிற ஆள், ஆணி மட்டும் நன்றாக அடித்திருந்தான். அவர்கள் வீட்டுக்குப் போகிறவர்களெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், நானும் பார்த்தேன். டிப்ளமோ என்றுதான் போட்டிருக்கிறது. சீனியம்மாள் இன்றைக்கும் டிகிரி என்கிறாள்.

1999-இல் எனக்கு முப்பது வருடம் முடிந்தது. அதே வருடம் ஐம்பத்தெட்டு வயதும் முடிந்தது. கடிகாரப் பட்டியலிலும் என் பெயர், ஓய்வுப் பட்டியலிலும் என் பெயர். இரண்டும் சுடலை அடித்து எடுத்த காகிதம். கடைசி நாள் அவளிடம் கேட்டேன்.

"அந்தப் பதினாலு வருசத்துக்கு ஒரு கட்டம் போட முடியாதா இதுல?"

"கட்டம் போட்டுறலாம் அத்தான். அதுக்கு ஒரு ரெஜிஸ்டர் வேணுமே."

"என் தலைதான் ரெஜிஸ்டர்."

"அத இந்த மிஷின் ஏத்துக்கிட மாட்டேங்குதே" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

எனக்கு மகன் இல்லை. நாற்பத்தொன்றாம் நம்பர் என்னோடு நின்றது. டோக்கனைத் திருப்பிக் கொடுத்தேன், அவள்தான் வாங்கிப் பதிந்துகொண்டாள். தகப்பனுடைய டோக்கன் முப்பது வருடம் கழித்து அவள் கைக்கு வந்தது. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டிராயரில் போட்டாள். அது முன்பு என் டிராயராக இருந்தது.

கடிகாரம் நன்றாக ஓடுகிறது. மாதம் ஒரு நிமிடம் பிந்தும், அவ்வளவுதான். சிவப்பு நோட்டை நான் ஒப்படைக்கவில்லை. என் பெட்டியில் துணிக்கு அடியில் இருக்கிறது. அறுபது பேருடைய தேதி, நாள், ஷிப்ட் எல்லாம் என் கையெழுத்தில் தப்பில்லாமல் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.